டாங்கிகளை எண்ணிய ஒப்பந்தம்

மரபுவழி ஆயுதக் கட்டுப்பாடும் சர்வதேசப் பாதுகாப்பும்

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சமாதான இயக்கத்தின் மேடைகளில் அணு ஆயுதம் பேசப்படும் அளவுக்கு டாங்கியும் பீரங்கியும் பேசப்படுவதில்லை. ஹிரோஷிமாவும் நாகசாகியும் மனிதகுலத்தின் நினைவில் ஆழப் பதிந்திருப்பதால் இது இயல்பே. ஆனால் 1945 ஆகஸ்டுக்குப் பின்னர் கொரியாவிலும் வியட்நாமிலும் இராக்கிலும் யேமனிலும் உக்ரைனிலும் காசாவிலும் போரில் மாண்ட லட்சோப லட்சம் மக்களில் ஒருவர்கூட அணுகுண்டால் கொல்லப்படவில்லை. அவர்களைக் கொன்றவை பீரங்கிக் குண்டுகள், விமானத்திலிருந்து வீசப்பட்ட குண்டுகள், ராக்கெட்டுகள், துப்பாக்கிகள். மரபுவழி ஆயுதங்கள் என்று குறிப்பிடப்படுபவை இவையே.

இந்த ஆயுதங்களை ஒப்பந்தத்தின் மூலம் கட்டுப்படுத்த முடியுமா? இக்கேள்விக்கு இரண்டு எளிய விடைகள் உண்டு. ஆட்சியாளர்களிடம் நல்லெண்ணம் ஏற்பட்டால் போதும், ஆயுதங்கள் தாமாகக் குறையும் என்பது ஒன்று. ஏகாதிபத்தியம் நீடிக்கும் வரையில் ஆயுதக் குறைப்பு வெறுங்கனவு, அதைப் பற்றிப் பேசுவதே வீண் என்பது மற்றொன்று. முதலாவது விடை வர்க்க அரசியலை மறந்துவிடுகிறது. இரண்டாவது விடை புரட்சிகரமாகத் தோன்றினாலும் நடைமுறையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்கிறது. வரலாறு இவ்விரண்டையும் ஏற்கவில்லை.

ஏங்கெல்ஸ் எழுப்பிய கேள்வி

1893 மார்ச்சில் ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியின் நாளேடான ‘ஃபோர்வெர்ட்ஸ்’ இதழில் பிரடெரிக் ஏங்கெல்ஸ் ஒரு கட்டுரைத் தொடரை எழுதினார். ஐரோப்பாவால் படைக்கலன்களைக் குறைக்க முடியுமா என்பதே அதன் தலைப்பு. ஐரோப்பிய வல்லரசுகள் நிலைப்படைகளைப் பெருக்கிக்கொண்டே போனால், ராணுவச் சுமையால் மக்கள் பொருளாதார ரீதியில் நசுங்குவார்கள், அல்லது அழித்தொழிப்புப் போர் மூளும் என்று அவர் எச்சரித்தார். அவர் முன்வைத்த தீர்வு திட்டவட்டமானது. கட்டாய ராணுவச் சேவையின் காலத்தைச் சர்வதேச உடன்பாட்டின் மூலம் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நிலைப்படையை மக்கள் படையாக மாற்றும் திசையில் செல்ல வேண்டும் என்றார். அன்றிருந்த அரசாங்கங்கள், தம் நாட்டின் பாதுகாப்புக்குக் குந்தகமின்றி ஏற்கத்தக்க யோசனைகளோடு அவர் நிறுத்திக்கொண்டார் என்பது கவனிக்கத்தக்கது. சோசலிசம் வரும்வரை காத்திருங்கள் என்று அவர் தொழிலாளர்களுக்குச் சொல்லவில்லை.

அரசாங்கங்கள் அதைக் கேட்கவில்லை. 21 ஆண்டுகள் கழித்து முதல் உலகப்போர் மூண்டது. அப்போரின் சாம்பலிலிருந்து எழுந்த சோவியத் அரசு, 1922இல் ஜெனோவா மாநாட்டில் ஆயுதக் குறைப்பை முன்மொழிந்தது. 1927இல் ஜெனீவாவில் லித்வினோவ் முழுமையான படைக்கலைப்பை முன்வைத்தார். முதலாளித்துவ அரசுகள் அதைப் புறக்கணித்தபோது, 1928இல் பகுதியளவிலான குறைப்புத் திட்டம் ஒன்றை சோவியத் தரப்பு அளித்தது. முழுமையைக் கோருவதும், கிடைக்கக்கூடிய பகுதிக்காகப் பேச்சுவார்த்தை நடத்துவதும் தொழிலாளி வர்க்க அரசியலில் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதற்கு இதுவே சான்று.

15 ஆண்டுகள் வீணானது ஏன்?

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஐரோப்பா இரு முகாம்களாகப் பிரிந்தது. ஒருபுறம் நேட்டோ, மறுபுறம் வார்சா ஒப்பந்த நாடுகள். உலகில் வேறெங்கும் காண முடியாத அளவுக்கு டாங்கிகளும் பீரங்கிகளும் அக்கண்டத்தில் குவிந்தன. 1973இல் வியன்னாவில் படைக்குறைப்புப் பேச்சுவார்த்தை தொடங்கியது. 1989 வரை நடந்தது. ஒரு டாங்கியைக்கூட அது குறைக்கவில்லை. மறுதரப்பிடம் உண்மையில் எத்தனை படைவீரர்கள் இருக்கிறார்கள் என்ற கணக்கிலேயே பேச்சு சிக்கிக்கொண்டது. ஒருவர் தரும் எண்ணிக்கையை மற்றவர் நம்பவில்லை. நேரில் சென்று சரிபார்க்கவும் வழியில்லை.

முடிச்சு 1988 டிசம்பர் 7 அன்று அவிழத் தொடங்கியது. ஐ.நா. பொதுச்சபையில் பேசிய கோர்பச்சேவ், 5 லட்சம் சோவியத் படையினரையும் 10,000 டாங்கிகளையும் ஒருதலைப்பட்சமாகக் குறைப்பதாக அறிவித்தார். அவருடைய கொள்கைகள் சோவியத் ஒன்றியத்தை எங்கே கொண்டு சேர்த்தன என்பது தனியாக விவாதிக்க வேண்டிய பொருள். இங்கே கவனிக்க வேண்டியது, அந்த அறிவிப்புக்குப் பின் நடந்த பேச்சுவார்த்தை எவ்வளவு விரைவாக முடிந்தது என்பதே. 1989 மார்ச்சில் தொடங்கிய பேச்சு, 1990 நவம்பர் 19 அன்று பாரிஸ் நகரில் ஒப்பந்தமாகக் கையெழுத்தானது. நேட்டோவின் 16 நாடுகளும் வார்சா தரப்பின் 6 நாடுகளும் கையொப்பமிட்டன. ஐரோப்பாவில் மரபுவழி ஆயுதப் படைகள் பற்றிய ஒப்பந்தம் என்பது அதன் பெயர்.

எண்ணும் கண்ணும்

இந்த ஒப்பந்தத்தின் பலம் அதன் முகவுரையில் இல்லை. அதன் எண்களில் இருந்தது. அட்லாண்டிக் கடலிலிருந்து யூரல் மலை வரையிலான நிலப்பரப்பில், ஒவ்வொரு முகாமும் வைத்துக்கொள்ளத்தக்க உச்சவரம்பு எழுதப்பட்டது: டாங்கிகள் 20,000, கவசப் போர் வாகனங்கள் 30,000, பீரங்கிகள் 20,000, போர் விமானங்கள் 6,800, தாக்குதல் ஹெலிகாப்டர்கள் 2,000. பீரங்கி என்றால் எது? 100 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் குழல் விட்டம் கொண்டது. இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறை தரப்பட்டது. ஒரு முகாமுக்குள்ளும் எந்தத் தனிநாடும் 13,300 டாங்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற விதியும் சேர்ந்தது.

இந்த ஐந்து வகைகளும் காரணத்தோடு தெரிவு செய்யப்பட்டவை. திடீரென எல்லை தாண்டிப் பாய்ந்து அண்டை நாட்டின் நிலத்தைக் கைப்பற்ற வேண்டுமானால் இவை பெருந்திரளாகத் தேவை. தற்காப்புக்கு இவற்றில் ஓரளவு போதும். ஆக, தாக்கும் ஆற்றலைக் குறைத்துத் தற்காக்கும் ஆற்றலை விட்டுவைப்பதே ஒப்பந்தத்தின் தர்க்கம்.

எண்ணுக்குத் துணையாகக் கண்ணும் வைக்கப்பட்டது. ஒவ்வொரு நாடும் ஆண்டுதோறும் டிசம்பரில் தன்னிடமுள்ள ஆயுதங்களின் கணக்கை, அவை நிறுத்தப்பட்டுள்ள இடங்களோடு மற்ற நாடுகளுக்குத் தர வேண்டும். குறுகிய கால முன்னறிவிப்பில் மறுதரப்பின் ஆய்வாளர்கள் வந்து எண்ணிப் பார்ப்பார்கள். கணக்கில் காட்டிய இடத்தைக் காட்ட மறுக்க முடியாது. உபரி டாங்கிகளைத் துண்டு துண்டாக வெட்டுவதையும் வெடிவைத்துத் தகர்ப்பதையும் ஆய்வாளர்கள் உடனிருந்து பார்த்தார்கள். 40 மாதங்களில், மூன்று கட்டங்களாக, 1995 நவம்பருக்குள் குறைப்பு முடிய வேண்டும் என்று காலமும் குறிக்கப்பட்டது. 50,000க்கும் மேற்பட்ட போர்த் தளவாடங்கள் அழிக்கப்பட்டன அல்லது சிவில் பயன்பாட்டுக்கு மாற்றப்பட்டன. உலகம் அதுவரை கண்டிராத படைக்கலக் குறைப்பு அது.

ஒப்பந்தத்திற்குக் குறைகளும் இருந்தன. அமெரிக்காவின் பெரும்பலமான கடற்படை இதில் சேர்க்கப்படவில்லை. நேட்டோ நாடுகள் தங்கள் பழைய டாங்கிகளைத் துருக்கிக்கும் கிரீசுக்கும் தள்ளிவிட்டன. சோவியத் ராணுவம், ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே ஆயிரக்கணக்கான தளவாடங்களை யூரல் மலைக்குக் கிழக்கே நகர்த்திவிட்டது. ஆயுதங்களின் எண்ணிக்கை கட்டுப்படுத்தப்பட்டதே தவிர அவற்றின் தரமேம்பாடு கட்டுப்படுத்தப்படவில்லை. ஆயினும் திடீர்த் தாக்குதல் பற்றிய அச்சம் ஐரோப்பாவில் பெருமளவு தணிந்தது.

இதே முறை வேறிடத்திலும் பலன் தந்தது. போஸ்னியப் போரை நிறுத்திய டேட்டன் உடன்பாட்டின் தொடர்ச்சியாக, 1996 ஜூன் 14 அன்று பிளாரன்ஸ் நகரில் ஒரு துணைப்பிராந்திய ஒப்பந்தம் கையெழுத்தானது. முந்தைய நாள் வரை ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த தரப்புகள், யூகோஸ்லாவியாவுக்கு 5, குரோஷியாவுக்கு 2, போஸ்னியாவுக்கு 2 என்ற விகிதத்தில் அதே ஐந்து வகை ஆயுதங்களையும் வரையறுத்துக்கொண்டன. நம்பிக்கை முதலில் பிறந்து ஒப்பந்தம் பின்னால் வரவில்லை. எண்ணிக்கையும் சரிபார்ப்பும் முதலில் வந்தன. நம்பிக்கை அவற்றின் பின்னால் மெல்ல வந்தது.

ஒப்பந்தம் எப்படிச் செத்தது?

1991 ஜூலை 1 அன்று வார்சா ஒப்பந்த அமைப்பு கலைக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் சோவியத் ஒன்றியமும் மறைந்தது. இரு முகாம்களின் சமநிலையை அடிப்படையாகக் கொண்ட ஒப்பந்தத்தில் ஒரு முகாம் இல்லாமலே போனது. மற்ற முகாமும் கலைக்கப்பட்டிருக்க வேண்டும். மாறாக, அது கிழக்கு நோக்கி விரிந்தது. 1999இல் போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு ஆகியவை நேட்டோவில் சேர்க்கப்பட்டன. அதே மாதத்தில், ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சிலின் அனுமதியின்றி யூகோஸ்லாவியா மீது நேட்டோ குண்டு வீசியது. 2004இல் மேலும் ஏழு நாடுகள் சேர்ந்தன. அவற்றுள் எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தில் உறுப்பினர்களே அல்ல. அதாவது, ரஷ்ய எல்லையை ஒட்டிய நேட்டோ நிலத்தில் எந்த உச்சவரம்பும் இல்லை.

இந்த மாற்றங்களுக்கேற்ப ஒப்பந்தத்தைத் திருத்த முயற்சி நடந்தது. முகாம் வாரியான வரம்புக்குப் பதிலாக நாடு வாரியான வரம்பு வகுக்கும் திருத்த உடன்பாடு 1999 நவம்பர் 19 அன்று இஸ்தான்புல்லில் கையெழுத்தானது. ரஷ்யா 2004இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. நேட்டோ நாடுகளுள் ஒன்றுகூட ஒப்புதல் அளிக்கவில்லை. ஜார்ஜியாவிலிருந்தும் மால்டோவாவிலிருந்தும் படைகளைத் திரும்பப் பெறுவதாக இஸ்தான்புல்லில் ரஷ்யா அளித்த வாக்குறுதி முழுமையாக நிறைவேறவில்லை என்பது அவற்றின் காரணம். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. ஆனால் ஒரு கண்டத்தின் பாதுகாப்புக்கான உடன்பாட்டை அதற்காக முடக்கி வைத்ததன் விலை மிகப் பெரிது.

2007 டிசம்பர் 12 அன்று ரஷ்யா ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது. கணக்கு தருவது நின்றது. ஆய்வாளர்கள் வருவது நின்றது. எட்டு மாதங்களில் ஜார்ஜியாவில் போர் மூண்டது. 2015இல் ஒப்பந்தத்தின் ஆலோசனைக் குழுவிலிருந்தும் ரஷ்யா விலகியது. இதற்கிடையே துணை ஒப்பந்தங்களும் ஒவ்வொன்றாகச் சரிந்தன. நடுத்தர ஏவுகணை ஒப்பந்தத்திலிருந்து 2019இலும், ஆயுதமற்ற கண்காணிப்பு விமானங்களுக்கு அனுமதி தந்த திறந்த வான்வெளி ஒப்பந்தத்திலிருந்து 2020இலும் அமெரிக்கா வெளியேறியது. பின்னதிலிருந்து 2021இல் ரஷ்யாவும் வெளியேறியது.

2022 பிப்ரவரியில் உக்ரைன் எல்லையில் ரஷ்யப் படைகள் திரண்டு நின்றபோது எஞ்சியிருந்தது வியன்னா ஆவணம் ஒன்றே. ராணுவப் பயிற்சிகளை முன்னறிவிக்கச் சொல்லும் ஏற்பாடு அது. படைகளுக்கு வரம்பு விதிக்கும் ஏற்பாடு அன்று. உக்ரைன் அதன்படி விளக்கம் கேட்டது. உரிய பதில் வரவில்லை. பிப்ரவரி 24 அன்று படையெடுப்பு நடந்தது. நேட்டோவின் விரிவாக்கம் இப்போருக்கு வழிவகுத்த காரணங்களுள் முக்கியமானது. ஆனால் இறையாண்மையுள்ள அண்டை நாட்டின் மீது படையெடுத்ததை அக்காரணம் நியாயப்படுத்திவிடாது. உக்ரைனியத் தொழிலாளியும் ரஷ்யத் தொழிலாளியும் பதுங்குகுழிகளில் மடிந்துகொண்டிருந்தபோது, 2023 நவம்பர் 7 அன்று ரஷ்யா ஒப்பந்தத்திலிருந்து முறைப்படி விலகியது. அதே நாளில் நேட்டோ நாடுகள் தாமும் அதை நிறுத்தி வைப்பதாக அறிவித்தன. 33 ஆண்டுகள் முன்பு பாரிஸில் எழுதப்பட்ட எண்கள் வெறும் காகிதமாயின.

இதனால் லாபமடைந்தவர் யார்? ஸ்டாக்ஹோமில் உள்ள சர்வதேச சமாதான ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி, 2024ஆம் ஆண்டின் உலக ராணுவச் செலவு 2 லட்சத்து 71 ஆயிரம் கோடி டாலருக்கும் மேல். 2020 முதல் 2024 வரையிலான உலக ஆயுத ஏற்றுமதியில் 43 சதவீதம் அமெரிக்காவினுடையது. 2025 ஜூனில் ஹேக் நகரில் கூடிய நேட்டோ மாநாடு, 2035க்குள் உறுப்பு நாடுகளின் ராணுவ, பாதுகாப்புச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதமாக உயர்த்த முடிவெடுத்தது. ஓய்வூதியத்திலும் மருத்துவத்திலும் வெட்டப்படும் பணமே இதற்குப் போகும் என்பதை ஐரோப்பியத் தொழிற்சங்கங்கள் அறியும்.

இமயத்தில் எழுதப்படாத எண்

ஐரோப்பாவின் இந்தக் கதையிலிருந்து இந்தியா கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. 1996 நவம்பரில், இடதுசாரிகளின் ஆதரவோடு ஐக்கிய முன்னணி அரசு ஆட்சியிலிருந்தபோது, சீன அதிபர் ஜியாங் செமின் புதுதில்லிக்கு வந்தார். அசல் கட்டுப்பாட்டுக் கோட்டை ஒட்டிய பகுதிகளில் ராணுவத் துறையில் நம்பிக்கையை வளர்க்கும் ஒப்பந்தம் நவம்பர் 29 அன்று கையெழுத்தானது. 1993 செப்டம்பர் 7 அன்று பெய்ஜிங்கில் கையெழுத்தான எல்லை அமைதி உடன்பாட்டின் தொடர்ச்சி அது.

ஆசியாவின் இரு பெரும் நாடுகள் செய்துகொண்ட இந்த ஒப்பந்தம், பாரிஸ் ஒப்பந்தத்தைப் போலவே ஆயுத வகைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. டாங்கிகள், காலாட்படைப் போர் வாகனங்கள், 75 மில்லிமீட்டருக்குக் குறையாத பீரங்கிகள், 120 மில்லிமீட்டருக்குக் குறையாத மோர்ட்டார்கள், ஏவுகணைகள் ஆகியவற்றைக் குறைக்க வேண்டும் அல்லது வரையறுக்க வேண்டும் என்றது. நிலத்தின் தன்மை, சாலை வசதி, படைகளைக் கொண்டுவர ஆகும் காலம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு, பரஸ்பர, சமமான பாதுகாப்பு என்ற அடிப்படையில் உச்சவரம்பு முடிவு செய்யப்படும் என்றது. கோட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் துப்பாக்கிச்சூடு நடத்தக் கூடாது என்றும் விதித்தது.

இவற்றுள் எது நின்றது, எது நிற்கவில்லை என்று பார்க்க வேண்டும். இரண்டு கிலோமீட்டர் என்ற எண் எழுதப்பட்டிருந்தது; அந்த விதி கால் நூற்றாண்டுக் காலம் பெருமளவு காக்கப்பட்டது. உச்சவரம்புக்கான எண் பின்னர் பேசிக்கொள்வதாக விடப்பட்டது; அது ஒருபோதும் எழுதப்படவில்லை. கட்டுப்பாட்டுக் கோடு எங்கே செல்கிறது என்பதில் பொதுப் புரிதல் வந்த பிறகே சில விதிகள் முழுமையாகச் செயல்படும் என்று அந்த ஒப்பந்தமே கூறியிருந்தது. ஆனால் நடுப்பகுதி தவிர வேறெங்கும் வரைபடங்கள் பரிமாறிக்கொள்ளப்படவில்லை.

விளைவு 2020 ஜூன் 15 அன்று கல்வானில் தெரிந்தது. 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். தன் தரப்பில் 4 பேர் இறந்ததாகச் சீனா பின்னர் தெரிவித்தது. அந்த இரவில் இரு தரப்பினரும் கம்புகளாலும் கற்களாலும் மோதினார்களே தவிர, துப்பாக்கியால் சுட்டுக்கொள்ளவில்லை. எழுதப்பட்ட விதியின் ஆற்றல் அதில் தெரிகிறது. துப்பாக்கிகள் முழங்கியிருந்தால் இரு அணு ஆயுத நாடுகளிடையே அது எங்கே போய் முடிந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எழுதப்படாத விதியின் விளைவும் அதே சம்பவத்தில் தெரிகிறது. வரம்பு இல்லாததால் இரு தரப்பும் படையைக் குவித்தன. டாங்கிகள் லடாக்கின் பனிமலைக்கு ஏறின. 2024 அக்டோபரில் ஏற்பட்ட உடன்பாடு ரோந்துப் பிரச்சனைக்கு வழி கண்டது. அது வரவேற்கத்தக்கது. எல்லையின் அருகே எத்தனை டாங்கிகள் நிற்கலாம் என்ற 1996ஆம் ஆண்டின் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

மேற்கு எல்லையிலும் நிலைமை இதுவே. 1991 ஏப்ரல் 6 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் ராணுவப் பயிற்சிகளை முன்னறிவிக்கவும், போர் விமானங்களை எல்லையிலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளி நிறுத்தவும் உடன்பட்டன. அதற்கு மேல் எதுவும் நகரவில்லை. ஐ.நா. பொதுச்சபையில், பிராந்திய, துணைப்பிராந்திய அளவில் மரபுவழி ஆயுதக் கட்டுப்பாட்டுக்கான கோட்பாடுகளை வகுக்க வேண்டும் என்ற தீர்மானத்தைப் பாகிஸ்தான் தொடர்ந்து கொண்டுவருகிறது. இந்தியா எதிர்த்து வாக்களிக்கிறது; பல ஆண்டுகளில் எதிர்த்த ஒரே நாடு இந்தியாவே. இந்தியாவின் பாதுகாப்பைத் தெற்காசியா என்ற குறுகிய சட்டகத்தில் அடைக்க முடியாது, சீனாவைச் சேர்க்காத கணக்கு கணக்காகாது என்பது அரசின் வாதம். அதைப் புறந்தள்ள முடியாது. பாகிஸ்தான் அரசின் நோக்கத்தில் ராஜதந்திர லாபம் இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் சட்டகம் குறுகியது என்றால், விரிந்த சட்டகத்தை இந்தியா முன்மொழிய வேண்டும். ஒரு காலத்தில் அணிசேரா இயக்கத்தின் சார்பில் படைக்கலக் குறைப்புக்குக் குரல் கொடுத்த நாடு, இன்று தனியாக ‘எதிர்ப்பு’ என்று வாக்களித்துவிட்டு அமர்ந்துவிடுவது போதாது.

ஆவடித் தொழிலாளியின் கேள்வி

ஆயுதம் குறைந்தால் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளியின் கதி என்ன? இக்கேள்வியைத் தொழிற்சங்கத் தோழர்கள் எழுப்புவது நியாயமே. ஆவடியில் டாங்கி செய்யும் தொழிலாளர்களுக்கு இது வயிற்றுப் பிரச்சனை. பாரிஸ் ஒப்பந்தம் இதற்கும் ஒரு விடை வைத்திருந்தது. குறைக்கப்படும் டாங்கிகளிலும் கவச வாகனங்களிலும் ஒரு பகுதியைத் தீயணைப்பு வண்டி, புல்டோசர், கிரேன், மீட்பு வாகனம், கல்குவாரி வாகனம் ஆகியவையாக மாற்ற அது இடம் தந்தது. டாங்கியைச் செய்யத் தெரிந்த கைக்கு இவற்றைச் செய்யவும் தெரியும்.

தொழிலாளியின் வேலைக்கு உண்மையான ஆபத்து எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2021 அக்டோபர் 1 அன்று 41 படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. எதிர்த்து வேலைநிறுத்தத்திற்குத் தயாரான தொழிலாளர்களைத் தடுக்க, அத்தியாவசியப் பாதுகாப்புச் சேவைகள் சட்டம் அதே ஆண்டில் கொண்டுவரப்பட்டது. எல்லையில் பதற்றம் உச்சத்தில் இருந்த காலம் அது. ஆயுதங்கள் பெருகினால் தொழிலாளியின் வேலை பாதுகாப்பாக இருக்கும் என்ற வாதம் அங்கேயே பொய்த்துவிட்டது. 2020 முதல் 2024 வரை, உக்ரைனுக்கு அடுத்தபடியாக உலகில் மிக அதிகமாகப் பெரும் ஆயுதங்களை இறக்குமதி செய்த நாடு இந்தியா. இந்தப் பணம் ஆவடிக்கும் வரவில்லை, அரசு மருத்துவமனைக்கும் போகவில்லை.

கோரிக்கைகள்

இவற்றிலிருந்து பிறக்கும் கோரிக்கைகள் தெளிவானவை. 1996 ஒப்பந்தத்தில் வெற்றிடமாக விடப்பட்ட உச்சவரம்புகளை நிரப்பச் சீனாவுடன் பேச்சுவார்த்தை நடத்த வேண்டும். கட்டுப்பாட்டுக் கோட்டின் வரைபடப் பரிமாற்றத்தை மீண்டும் தொடங்க வேண்டும். பாகிஸ்தானுடன் முன்னறிவிப்பு என்ற நிலையைத் தாண்டி, எல்லையோரத் தாக்குதல் ஆயுதங்களை வரையறுக்கும் பேச்சுக்கு இந்தியாவே முன்முயற்சி எடுக்க வேண்டும். இவ்விரு எல்லைகளையும் சேர்த்துப் பார்க்கும் பரந்த சட்டகத்தை ஐ.நா.வில் இந்தியா முன்வைக்க வேண்டும். எந்த ராணுவ முகாமிலும் இணையாத வெளியுறவுக் கொள்கை இதற்கெல்லாம் முன்நிபந்தனை. அமெரிக்காவின் போர்த்தந்திரக் கூட்டாளியாக இருந்துகொண்டு ஆசியாவில் சமமான பாதுகாப்பு பற்றிப் பேச முடியாது.

ஒப்பந்தம் ஏகாதிபத்தியத்தை ஒழித்துவிடாது. பாரிஸ் ஒப்பந்தமே அதற்குச் சான்று: நேட்டோ விரிவாக்கத்தை அதனால் தடுக்க முடியவில்லை, அந்த அரசியல் மாறியபோது ஒப்பந்தமும் மடிந்தது. ஆனால் அது உயிரோடிருந்த காலத்தில் 50,000 தளவாடங்கள் இல்லாமல் போயின. அவற்றால் சாகவிருந்தவர்கள் சாகவில்லை. மக்களின் நிர்ப்பந்தமின்றி எந்த அரசாங்கமும் தன் டாங்கியை எண்ணிக் காட்ட முன்வராது. அந்த நிர்ப்பந்தத்தைத் தொழிற்சங்கத்திலும் விவசாயிகள் இயக்கத்திலும், போருக்குப் பிள்ளைகளை அனுப்பும் கிராமங்களிலும் உருவாக்குவதே கட்சியின் கடமை. எல்லையில் எத்தனை பீரங்கிகள் நிற்கின்றன, அதற்கு என்ன செலவாகிறது, அதைக் குறைக்க அரசு என்ன செய்தது என்று கேட்கும் உரிமை உழைக்கும் மக்களுக்கு உண்டு. அந்தக் கேள்வியை ஒவ்வொரு கிளையும் மக்களிடம் கொண்டு செல்லட்டும்.